வடசீனத்து மஞ்சள் மண்

கி.பி. 399 ஆம் ஆண்டிலே, பௌத்த விநய நூல்களைத் தேடிச் சாங்கான் நகரினின்றும் புறப்பட்ட பாகியன் என்னுஞ் சீனத் துறவி, பாலையும் மலையுங் கடந்து இந்தியாவை அடைந்து, பின்னர் இலங்கைக்கு வந்து இரண்டாண்டு தங்கினார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே, வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாய்நாட்டை நினைந்து அவர் கண்ணீர் உகுத்தார் என்பது அவரே எழுதிவைத்த செய்தியாகும். அவர் விட்டுவந்த சாங்கான் இன்று சியான் என வழங்கும் நகரமாகும். வடசீனத்தின் பெருநிலமொன்றைப் போர்த்திருக்கும் மஞ்சள் மண்ணின் தென்விளிம்பிலே அது அமைந்துள்ளது. அந்நாட்டில் வழியும் மஞ்சள், வீட்டுச் சுவரும் மஞ்சள், ஆற்றுநீரும் மஞ்சள். அவ்வாறு கொண்டுசென்ற வண்டலால் நிறம் மாறிய கடலுக்கும் மஞ்சட் கடல் என்பதே பெயர். ஒரு நாட்டின் வாழ்வையுந் தாழ்வையும் இவ்வளவு வெளிப்படையாகத் தன்னுள் அடக்கிய மண் உலகில் வேறு சிலவே உள.

இம்மஞ்சள் மண் மேட்டுநிலம் ஷென்சி, ஷான்சி, கன்சு, நிங்சியா முதலிய பகுதிகளில் ஏறத்தாழ 6,40,000 சதுர கிலோமீற்றர் பரந்துள்ளது. இலங்கைத் தீவின் பரப்பைப் போல அது ஏறத்தாழப் பத்து மடங்கு எனலாம். மண்ணின் தடிப்போ பல இடங்களில் 100 மீற்றரையும், சில இடங்களில் 200 மீற்றரையுந் தாண்டும். தென்கிழக்கில் ஆண்டுக்கு 700 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழை, வடமேற்கு நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்து 200 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடும். ஆகவே, இக்குன்றுகளிற் பெரும்பாலானவை இயல்பாகவே வறண்ட புன்னிலத்துக் குன்றுகளாகும். ஊசிப்புல்லும், மாசிபத்திரி இனத்துச் செடிகளுமே அவற்றின் பழங்குடிகள்.

இம்மண் அங்குள்ள பாறை சிதைந்து உண்டானதன்று. கீழே கிடக்கும் பாறை வேறு, மேலே கிடக்கும் மண் வேறு. குன்றின் உச்சியிலும் அது உண்டு, பள்ளத்திலும் உண்டு. ஆற்றுவண்டலாயின் உச்சிக்கு ஏறியிராது. இதனை ஊன்றி நோக்கியவர், 1868 முதல் 1872 வரை சீனத்திற் பயணஞ் செய்த ஜேர்மானியப் புவியியலறிஞர் பேடினன்ட் வொன் றிச்தோபன் ஆவர். காற்றே இம்மண்ணைக் கொணர்ந்தது என்ற முடிபை 1877 இல் வெளியான தமது நூலில் அவர் நிறுவினார். ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இத்தகைய மண் உண்டு. அங்குள்ள உழவர் ‘நெகிழ்ந்தது’ என்று பொருள்படுந் தம் வட்டாரச் சொல்லால் அதனை வழங்கினர். அச்சொல்லே ‘லோயசு’ என அறிவியலுலகில் நிலைபெற்றது. சீனர் அதனை ‘ஹுவாங்து’, அஃதாவது மஞ்சள் மண், என்றே கூறுவர்.

மழைகாலம் நீங்கிய மாதங்களில் வடமேற்கிலிருந்து வீசுங் கடுங்காற்று, கோபி முதலிய பாலைநிலங்களின் நுண்டுகளை அள்ளிவருகின்றது. பருமணல் வழியிலேயே விழுந்துவிடும். அதனினும் நுண்ணியது தொலைவு வரை செல்லும். ஆதலின், மேட்டுநிலத்தின் வடமேற்கில் மண் சற்று மணற்பாங்காகவும், தென்கிழக்கிற் களிப்பாங்காகவும் உள்ளது. இத்தூசு 26 இலட்சம் ஆண்டுகளாகப் படிந்து வந்ததென்பதைச் சீன அறிஞர் லியூ துங்செங்கும் அவருடன் உழைத்தோரும் அடுக்கடுக்காக ஆராய்ந்து காட்டினர். குளிர்ந்து வறண்ட காலங்களில் தூசு மிகுதியாகப் படிந்தது. வெம்மையும் மழையும் மிக்க காலங்களில் தூசு குறைய, புல்லுஞ் செடியுஞ் செழித்து, மண் செந்நிறமும் கருநிறமும் பெற்றது. வெட்டுண்ட குன்றொன்றின் பக்கத்தில் மஞ்சளும் செம்மையும் மாறிமாறித் தோன்றுவதைக் காண்போர், புவியின் பழைய காலநிலை வரலாற்றையே ஏடு புரட்டிப் பார்க்கின்றனர். இவ்வாய்வுக்காக லியூ துங்செங் 2002 இல் டைலர் பரிசு பெற்றார்.

காற்று கொணர்ந்த தூசு அதே காற்றால் ஏன் மீண்டும் அள்ளப்படவில்லை என்ற வினா எழுதல் கூடும். அதற்கு விடை புல். புல்லின் தாள்கள் காற்றின் வேகத்தைத் தடுக்க, தூசு அவற்றின் இடையே விழுந்து அடங்கியது. புதைந்த புல்லின்மேற் புதுப்புல் முளைத்தது. மடிந்த வேர்கள் இருந்த இடங்கள் மெல்லிய செங்குத்துத் துளைகளாக எஞ்சி நின்றன. இன்றும் இம்மண்ணின் ஒரு கட்டியை உடைத்துப் பார்ப்பின், மயிரிழை போன்ற அத்துளைகளையும், அவற்றின் உட்புறத்திற் பூசியதுபோன்ற வெண்சுண்ணாம்பையுங் காணலாம். புல் தன் கையாற் பிடித்துக் கட்டிய மண் இது எனின் மிகையாகாது.

இனி, இம்மண்ணின் இயல்புகளை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும். மண்ணின் துணிக்கைகளைப் பருமன் பற்றி மணல், அடையல், களி என மூவகைப்படுத்துவர். விரல்களுக்கிடையே நறநறவென உரைவது மணல். ஈரத்தில் ஒட்டிக்கொள்வது களி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, மாவைப்போல வழவழப்பாயிருப்பது அடையல். இம்மூன்றும் அளவொத்துக் கலந்ததே உழவர் விரும்பும் இருவாட்டி மண். மஞ்சள் மண்ணில் அடையலே பாதிக்குமேல். சிறிதளவு களியும் அதனினுஞ் சிறிதளவு மணலும் அதனோடு கலந்துள்ளன. எனவே அதனை அடையல் மிக்க இருவாட்டி என்பது பொருந்தும். கல்லும் பரலும் அதில் இல்லை. மரக்கலப்பையுங் கடப்பாரையும் அன்றி வேறு கருவியில்லாக் காலத்திலும் மனிதன் எளிதில் உழக்கூடிய மண்ணாக அது இருந்தது. தினையும் பனிவரகும் முதன்முதற் பயிராக்கப்பட்ட இடங்களுள் வடசீனம் ஒன்றாதற்கு இதுவும் ஒரு காரணமாகும். சியானுக்கு அருகே பன்போ என்னுமிடத்தில் 1950 களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட புதிய கற்காலச் சிற்றூரிலே தினை மணிகள் கிடைத்துள்ளன.

இரண்டாவது இயல்பு சுண்ணாம்புச் செறிவு. இம்மண்ணின் மேல் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தின் ஒரு துளியை விட்டால், அது நுரைத்துப் பொங்கும். வீட்டு வினாகிரியும் ஓரளவுக்கு அவ்வாறே செய்யும். மண்ணிலுள்ள கல்சியங் காபனேற்று அமிலத்தோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுவதே அந்நுரைக்குக் காரணமாகும். மஞ்சள் மண்ணிற் பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இக்கல்சியங் காபனேற்று உண்டு. மழை மிகுந்த நாடுகளில், காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்ட மழைநீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, ஆற்றின் வழியே கடலுக்குக் கொண்டுபோய்விடும். வறண்ட குன்றுகளிலோ மழைநீர் அவ்வளவு தூரஞ் செல்வதில்லை. மேல் மண்ணிற் சிறிது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழிறங்கும். வேர்கள் அதனை உறிஞ்ச, நீர் போய்ச் சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடும். அவ்வாறு தங்கியது முதலில் வெண்பூஞ்சண நூல்போலத் தோன்றும். காலப்போக்கில் முடிச்சுமுடிச்சாக இறுகிக் கல்லாகும். அக்கற்களின் உருவத்தைக் கண்டு சீனர் ‘இஞ்சிக்கல்’ என்றனர். ஜேர்மானியர் ‘லோயசுக் குழந்தை’ என்றனர்.

சுண்ணாம்பு இம்மண்ணுக்குச் செய்யும் நன்மைகள் பல. நுண்துணிக்கைகளைச் சேர்த்துப் பிடித்துப் பொருபொருப்பான குறுணிகளாக்குகின்றது. புளிப்புத் தன்மை தோன்றாமற் காக்கின்றது. கழுவிச் செல்லப்படாத கனிப்பொருள்கள் பலவும் மண்ணிலே எஞ்சியிருக்கின்றன. பொற்றாசியம் அவற்றுள் மிகுதி. ஆயினும், அதே சுண்ணாம்பு தரும் இடரும் உண்டு. மண்ணின் பீ.எச். பெறுமானம் 8 க்கு மேல் நிற்பதால், பொசுபரசு கல்சியத்தோடு கூடிக் கரையாத பொருளாகிவிடுகின்றது. இரும்பும் நாகமும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. இலை வெளிறிய பயிரைக் கண்டு உரம் போதாதென எண்ணுவோர், மண்ணிலே பொருள் இருந்தும் அது பூட்டப்பட்டிருப்பதை அறிதல் வேண்டும். சாணமும் இலைகுழையும் இட்டு மண்ணிற் சேதனப் பொருளைப் பெருக்குவதே இப்பூட்டைத் தளர்த்தும் பழைய வழியாகும்.

மூன்றாவது இயல்பு அதன் நுண்டுளைமை. மஞ்சள் மண்ணின் கனவளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமாகும். நல்ல புற்போர்வை உள்ள இடத்தில் மழைநீர் இத்துளைகளின் வழியே ஆழ இறங்கி, கடற்பஞ்சிற் போலச் சேர்ந்திருக்கும். மழையில்லா மாதங்களில் ஆழவேரோடிய புல்லும் பயிரும் அச்சேமிப்பைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. குளமும் வாய்க்காலும் அரிதாகிய குன்றுநாட்டில், மண்ணே குளமாகின்றது.

இம்மண் உலர்ந்திருக்குங்கால் அதன் வலிமை வியக்கத்தக்கது. பத்து, இருபது மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டினும் அது சுவர்போல நிற்கும். அடையற் துணிக்கைகளைத் தொடுமிடந்தோறும் களியுஞ் சுண்ணாம்பும் சிறு பாலங்களாகப் பிணைத்திருப்பதே இதன் காரணமாகும். அவ்வியல்பைக் கண்ட மக்கள் குன்றின் பக்கங்களைக் குடைந்து வளைந்த கூரையுடைய அறைகளை அமைத்தனர். ‘யாவோதொங்’ எனப்படும் அக்குகை மனைகள் மாரியில் வெதுவெதுப்பாகவும் கோடையிற் குளிர்ச்சியாகவும் இருப்பன. மரமுங் கல்லும் அரிதான நாட்டிலே செலவு குறைந்த உறையுளும் அதுவே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கோடிக்கணக்கானோர் இவற்றில் வாழ்ந்தனர்.

ஆனால், அவ்வலிமை உலர்ந்த நிலைக்கு மட்டுமே உரியது. நீர் மிகுதியாகப் பாய்ந்தவுடன் களிப்பாலங்கள் இளகுகின்றன. இடைவெளி மிக்க அமைப்பு தன் பாரத்தையே தாங்கமாட்டாது திடீரென அமிழ்கின்றது. அடையற் துணிக்கைக்கு மணலின் பாரமுமில்லை, களியின் ஒட்டுமில்லை. ஆதலின் ஓடும் நீர் அதனை எளிதில் அள்ளிச்செல்லும். செங்குத்துப் பிளவுகளின் வழியே இறங்கும் நீர் மண்ணுக்குள்ளேயே குழாய்போல அரித்து, மேலே நிலம் நன்றாயிருப்பதுபோலத் தோன்றும்போதே உள்ளே வெறுமையாக்கிவிடும். ஒருநாள் மேற்பரப்பு இடிந்து விழ, அங்கே ஒரு புதுப் பள்ளம் வாய் திறக்கும்.

நிலம் நடுங்கும்போதும் இவ்வியல்பே கேடாகின்றது. 1556 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் நாள் ஷென்சியில் நேர்ந்த பூமியதிர்ச்சியில் ஏறத்தாழ 8,30,000 பேர் மாண்டனரெனச் சீன அரச வரலாறு குறிக்கின்றது. மனித வரலாறு பதிந்துள்ள பூமியதிர்ச்சிகளுள் உயிர்ச்சேதம் மிக்கது அதுவேயாகும். குகை மனைகள் உறங்கியோர்மேற் சரிந்தமையே அவ்வழிவு இத்துணை பெருகியதற்கு ஒரு முக்கிய காரணம். 1920 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் ஹையுவான் பகுதியில் நேர்ந்த அதிர்ச்சியில் மஞ்சள் மண் குன்றுகள் பல சரிந்தோடி ஊர்களை மூடின. 2,00,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

அதிர்ச்சி நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. மண்ணரிப்போ ஆண்டுதோறும் வருவது. அதன் தொடக்கத்தை அறிதற்குப் புல்லிடமே மீளவேண்டும். நெடுங்காலம் புல் போர்த்திருந்த இடங்களில், ஆண்டுதோறும் மடியும் வேர்கள் மக்கிச் சேர, மஞ்சள் மண்ணின் மேற்பகுதி ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழம் வரை கருமை பெற்றது. இதனைச் சீனர் ‘ஹெய்லூ’ மண் என்பர். இக்கருமண்ணே குன்றுகளின் செல்வம். மக்கள் பெருகப் பெருக, சமநிலம் போதாது, சரிவுகளும் உழப்பட்டன. புல் அகன்றபின், கோடையின் சில பெருமழைகள் கருமண்ணை வழித்துச் சென்றன. எஞ்சியது வெறும் மஞ்சள் மண். அதிற் சேதனப் பொருள் நூற்றுக்கு ஒரு பங்கினுங் குறைவு. விளைவு குன்றவே, உழவன் மேலும் செங்குத்தான சரிவை உழுதான், அதுவும் கழுவப்பட்டது. வறுமை உழவை விரிக்க, உழவு வறுமையை விரித்தது.

இழப்பின் அளவை ஒரு சிறு கணக்காற் காணலாம். அரிப்பு மிக்க இடங்களில் ஒரு சதுர கிலோமீற்றரிலிருந்து ஆண்டுக்கு 10,000 தொன்னுக்கு மேற்பட்ட மண் சென்றது. மேற்பரப்பிலே ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் தடிப்பு அது. 26 இலட்சம் ஆண்டுகளில் 200 மீற்றர் படிந்ததெனக் கொண்டால், ஒரு மில்லிமீற்றர் படிய ஏறத்தாழ 13 ஆண்டுகள் சென்றிருக்கும். ஆகவே, காற்றும் புல்லுஞ் சேர்ந்து நூறாண்டில் ஈட்டியதை உழுத சரிவு ஓராண்டில் இழந்தது.

அம்மண் முழுவதும் மஞ்சளாற்றைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவ்வாறு ஆண்டுதோறும் சராசரியாக 160 கோடி தொன் மண்ணைச் சுமந்து சென்றது. சமவெளியில் அச்சுமை படியப்படிய ஆற்றின் படுக்கை உயர்ந்தது. கரைகளை உயர்த்தினர், படுக்கை மேலும் உயர்ந்தது. முடிவில், சுற்றியுள்ள வயல்களிலும் ஊர்களிலும் மேலான மட்டத்தில் ஆறு ஓடலாயிற்று. இவ்வாற்றின் குறுக்கே கட்டப்பட்ட சன்மென்சியா அணையில் 1960 இல் நீர் தேக்கப்பட்டது. இரண்டாண்டு நிறைவதற்குள்ளேயே வண்டல் பெருமளவு நிரம்பி, 1962 இல் நீர்தேக்கும் முறையையே மாற்றவும், பின்னர் வண்டலை வெளியேற்றப் புது வழிகள் அமைக்கவும் நேர்ந்தது. குன்றின்மேற் புல்லைக் காவாது பள்ளத்தில் அணை கட்டுவதாற் பயன் குறைவு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பின்வந்த பத்தாண்டுகளில் முயற்சி குன்றுகளுக்கே திரும்பியது. சரிவுகளைப் படிப்படியாகச் சமன்செய்து வயலாக்கினர். பள்ளங்களிற் சிறுதடுப்பணைகள் கட்டி, வந்துசேரும் மண்ணையே புதுவயலாக்கினர். 1994 முதல் 2005 வரை உலக வங்கியின் உதவியோடும் இத்தகைய பணிகள் நடைபெற்றன. 1999 இற் சீன அரசு, செங்குத்தான சரிவுகளில் உழவை நிறுத்தி அவற்றைப் புல்லுக்கும் மரத்துக்கும் விடும் உழவர்க்குத் தானியமும் பணமும் வழங்குந் திட்டத்தைத் தொடங்கியது. 1999 இல் மேட்டுநிலத்தின் நூற்றுக்கு 32 பங்கு அளவிலிருந்த பசும்போர்வை 2013 இல் ஏறத்தாழ 60 ஆயிற்று. மஞ்சளாற்றின் ஆண்டுச் சராசரி மண்சுமையும் 2000 இற்குப் பின்னர் 30 கோடி தொன்னுக்குக் கீழே இறங்கியது. அணைகளும் நீர்த்தேக்கங்களும் இக்குறைவிற் பங்குடையன. ஆயினும் குன்றுகளின் பங்கு பெரிது.

இவ்வெற்றியிலும் மண் ஒரு பாடம் புகட்டத் தவறவில்லை. மரம் நடுதலே மண்காப்பு என எண்ணி, புல்லுக்கே உரிய வறண்ட குன்றுகளிலும் பொப்லர், ரொபீனியா முதலிய மரங்களை நெருக்கமாக நட்டனர். முதற் சில ஆண்டுகள் அவை நன்கு வளர்ந்தன. மண் பல ஆண்டுகளாகத் தன்னுள் சேர்த்து வைத்திருந்த நீரைக் குடித்தே அவை வளர்ந்தன. அச்சேமிப்பு தீர்ந்தபின், ஆண்டு மழை அவற்றின் வேட்கைக்குப் போதவில்லை. வேர்மட்டத்தின் கீழே உலர்ந்த மண்படை ஒன்று உருவாகி, பெய்த மழையும் ஆழம் செல்லாதாயிற்று. பல இடங்களில் மரங்கள் முதிர்ந்தும் உயராமல், உச்சி பட்டு நின்றன. ‘சின்னக் கிழமரம்’ என்று சீன மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர். மேட்டுநிலத்தின் பசும்போர்வை அங்குள்ள நீர்வளம் தாங்கக்கூடிய எல்லையை அணுகிவிட்டதென 2016 இல் வெளியான ஆய்வொன்றும் எச்சரித்தது.

நிங்சியாவின் குயுவான் பகுதியில் யுன்வு மலை என்றொரு குன்றுத்தொடர் உண்டு. முகில்மலை என்று பொருள் கூறலாம். 1982 இல் அங்குள்ள புன்னிலத்தை ஒரு காப்பிடமாக்கி, மேய்ச்சலையும் உழவையும் தடுத்தனர். நட்டவர் எவருமின்றி ஊசிப்புல் தானே பரவிற்று. அதன் நுண்வேர்கள் மேல்மண்ணை வலையெனப் பின்னின. மடிந்த தாள்கள் மழைத்துளியின் அடியைத் தாங்கின. மண்ணிற் சேதனப் பொருள் மீண்டும் பெருகத் தொடங்கிற்று. பெய்யும் மழைக்கு ஏற்பத் தன் வளர்ச்சியைச் சுருக்கவும் விரிக்கவும் புல் அறியும். சுண்ணாம்பு மிக்க மண்ணும், குறைந்த மழையும், கடுங்குளிரும் அதற்குப் பழகியவையே.

ஒரு மண்ணை அறிதல் என்பது அதன் நிறத்தையுந் துணிக்கையையும் சுண்ணாம்பின் அளவையும் அறிதலோடு முடிவதன்று. அது எவ்வாறு உண்டாயிற்று, எதனால் நிலைபெற்றது என்பவற்றையும் சேர்த்து அறிதல் வேண்டும். மஞ்சள் மண் உழுவோர்க்கு இணங்கியது, உணவு தந்தது, உறையுளுந் தந்தது. அதன் மேலிருந்த புல்லை மட்டும் மக்கள் பயனற்றதென்று எண்ணினர். அவ்வெண்ணத்தின் விலையை ஆறும் வயலும் பல நூற்றாண்டு கொடுத்தன. உழுத சரிவுகளை விட்டுக்கொடுத்த உழவரின் பிள்ளைகள் இன்று அக்குன்றுகளில் மீண்டும் புல்லைக் காண்கின்றனர். அதன் கீழே மஞ்சள் மண் மிக மெதுவாகக் கருமை பெற்று வருகின்றது.